வேகமானிக்குள் ஒரு குளவி

வணக்கம். விமானி உட்காரும் இடம் என்றாலே சுவர் முழுக்கக் கடிகாரமும் விளக்குமாகத்தான் நம் மனதில் வரும். பைப்பர் கப் என்ற மஞ்சள் நிறக் குட்டி விமானத்தில் அப்படி எதுவும் கிடையாது. 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் வரத் தொடங்கி, பல்லாயிரம் பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது இது. வேகமானி, உயரமானி, திசைகாட்டி, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள், எண்ணெயின் அழுத்தம், எண்ணெயின் சூடு. அவ்வளவுதான்.

பெட்ரோல்? அதற்கு முள்ளே கிடையாது. முன்கண்ணாடிக்கு வெளியே, டாங்க் மூடியின் நடுவிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் அடியில் ஒரு தக்கை மிதக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் கம்பியும் இறங்கும். மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருக்கும் வரை சரி. மூடியில் படிந்து அசையாமல் நின்றுவிட்டால் இறங்க இடம் தேட வேண்டியதுதான். இதைவிட நம்பகமான பெட்ரோல் மானியை நான் பார்த்ததில்லை.

இருப்பதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் நான் வேகமானியைத்தான் எடுப்பேன். மெதுவாகப் பறக்கிறதற்கு வேகமானி எதற்கு என்று கேட்பார்கள். மெதுவாகப் பறப்பதால்தான்! கப் சாதாரணமாகப் போவது மணிக்கு 120 கிலோமீட்டர். வேகம் குறைந்து 60-ஐ நெருங்கினால் இறக்கையால் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது. இடைவெளி அவ்வளவுதான். பின்னாலிருந்து 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளினால், கீழே தரை விர்ரென்று ஓடும். 'ரொம்ப வேகமாகப் போகிறோம்' என்று கண் சொல்லும். கை தானாக வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். ஆனால் இறக்கைக்குத் தெரிவது தரையல்ல, காற்று. அந்தக் கணக்கைச் சொல்வது முள் மட்டும்தான்.

அந்த முள்ளுக்கும் உயிர் ஒரு சின்னக் குழாய்தான். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்த, முள் நகர்கிறது. பயிற்சி எடுத்த நாட்களில் ஒரு காலை, ரன்வேயில் பாதி தூரம் ஓடியும் முள் பூஜ்யத்திலேயே நின்றது. எஞ்சினைக் குறைத்து நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தால் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. புறப்படுமுன் குழாயைப் பார்க்க வேண்டியவன் நான்தான்.

ஆசிரியர் திட்டவில்லை. மறுநாள் வேகமானியின் மேல் செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, "இன்றைக்குக் காதால் இறக்கு" என்றார். வேகம் குறையும்போது காற்றின் இரைச்சல் அடங்கும், விமானத்தை ஓட்டக் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் தொளதொளவென்று ஆகும். மூன்று முறை சுற்றி வந்து, நான்காவது முறைதான் இறக்கினேன்.