ஐந்து மாத ஊழியம், முப்பது வருடச் சிறை

எல்லோருக்கும் வணக்கம். காங்கோ என்றதும் ரப்பரும் வெட்டப்பட்ட கைகளும்தான் நம் நினைவுக்கு வரும். அது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்து, ரப்பருக்காக ஜனங்களைக் கொடுமைப்படுத்திய காலம். 1908ல் பெல்ஜிய அரசு நாட்டை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்காகத்தான் சைமன் கிம்பாங்கு என்ற காங்கோ ஊழியக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

கீழ்க் காங்கோவில் என்காம்பா கிராமத்துக்காரர் அவர். பாப்டிஸ்ட் மிஷனில் ஞானஸ்நானம் பெற்றவர். 1921 ஏப்ரல் 6ம் தேதி ஒரு நோயாளிப் பெண்ணுக்காக ஜெபித்தார். அவள் எழுந்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. உண்மையிலேயே குணமானாளா என்று வாதாட நான் வரவில்லை. ஜனங்கள் நம்பினார்கள். தோட்ட வேலையைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியை விட்டு, என்காம்பாவுக்கு நடந்தார்கள்.

அங்கே என்ன கேட்டார்கள்? மந்திரப் பொருள்களைத் தூக்கி எறியுங்கள், ஒருவனுக்கு ஒரு மனைவி போதும், பழைய ஆட்டபாட்டம் வேண்டாம். பாதிரிமார்கள் தொண்டை வறளச் சொன்ன அதே சங்கதிதான்! இவர் சொன்னபோது ஊரே கேட்டது. அதுதான் வினையாயிற்று. தோட்டத்தில் ஆள் குறைந்தது. வெள்ளைக்காரர் நடுவில் இல்லாமலே ஒரு கறுப்பர் வேதம் சொல்கிறார் என்பது அதைவிடப் பெரிய உறுத்தல்.

ஜூனில் அரசு ஆட்கள் அவரைப் பிடிக்க வந்தார்கள், தப்பிவிட்டார். செப்டம்பரில் தானாகவே வந்து நின்றார். டிஸ்வில் என்ற ஊரில் ராணுவ நீதிமன்றம். அவர் தரப்பில் வக்கீல் கிடையாது. அக்டோபர் 3ம் தேதி தீர்ப்பு: 120 கசையடி, அதற்குமேல் மரண தண்டனை. சாகப்போகிறவனுக்கு எதற்கு ஐயா சவுக்கடி? பாப்டிஸ்ட் மிஷனரிகள் கருணை கேட்டார்கள். பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார். நாட்டின் மறுகோடியில், எலிசபெத்வில் சிறையில் முப்பது வருடம் கிடந்து, 1951 அக்டோபரில் அங்கேயே இறந்தார்.

சரி, அவரை நம்பியவர்கள்? தூரத்து மாகாணங்களுக்குத் துரத்தப்பட்டார்கள். அவர் வழி வந்த கிம்பாங்கு சபையார் சொல்லும் கணக்கு 37,000 குடும்பங்கள். போன இடத்திலெல்லாம் ஜெபம் பண்ணினார்கள், அந்த ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பரப்பும் வேலையை அரசே செலவழித்துச் செய்துகொடுத்தது என்று சொல்லலாம். ஊரில் கிம்பாங்குவின் மனைவி மேரி முயிலு ரகசியமாகச் சபையைக் காத்தார். இளைய மகன் ஜோசப் டியாங்கியெண்டா காலனி அரசு அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். பின்னாளில் அவர்தான் சபைத் தலைவர்!

1959 டிசம்பர் 24ம் தேதி சபைக்கு அரசின் அங்கீகாரம் வந்தது. நாடு விடுதலையாக இன்னும் ஆறே மாதம். 1960ல் கிம்பாங்குவின் எச்சங்களை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் என்காம்பாவுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடக்கிறார்கள்.