சந்தேகங்களுக்கு விளக்கம்: மாரத்தானுக்கு ஓர் ஆண்டு இலக்கை எப்படி வைப்பது?

வணக்கம் நண்பர்களே. இன்றைய முதல் கேள்வி திருச்சியிலிருந்து வந்திருக்கிறது. கேட்டிருப்பவர் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 41. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கி வாசிக்கிறேன். "மூன்று ஆண்டுகளாக ஓடுகிறேன். போன டிசம்பரில் கோவையில் அரை மாரத்தானை 2 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். சைக்கிளும் ஓட்டுகிறேன். இந்த ஆண்டுக்கு மூன்று இலக்குகள். அடுத்த ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தானை நான்கரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 200, 300, 400, 600 கிலோமீட்டர் சைக்கிள் பயணங்களை முடித்து சூப்பர் ராண்டோனர் ஆக வேண்டும். கோவா அரை அயர்ன்மேனிலும் கலந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் இலக்கு எழுதுகிறேன், ஜூன் வருவதற்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது. இலக்கை எப்படி வைப்பது?"

சகோதரி, உங்கள் ஆர்வத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை இருக்கிறது. அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்த மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை இந்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள். ஜூனில் கலைந்துபோவதற்கு உங்கள் மன உறுதி காரணம் என்று நான் நினைக்கவில்லை. வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஓர் ஆண்டில் இத்தனை மணி நேரம் கிடைக்காது, அவ்வளவுதான்.

சூப்பர் ராண்டோனரை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். நீண்ட தூர சைக்கிள் பயணங்களை நடத்தும் ஆடாக்ஸ் அமைப்பின் விதிப்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். நவம்பர் முதல் அக்டோபர் வரையிலான ஒரே பருவத்துக்குள் நான்கையும் முடித்தால்தான் அந்தப் பட்டம். நான்காண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்குத் தகுதி பெறுவதற்காகவும் பலர் இதைச் செய்கிறார்கள். அருமையான விஷயம்தான். ஆனால் அந்த நான்கு பயணங்களின் நேர வரம்பை மட்டும் கூட்டிப் பாருங்கள், நூறு மணி நேரம் வருகிறது. அதற்கான பயிற்சி தனி. இரவு முழுக்க விழித்து ஓட்டிய பிறகு உடம்பு தேறுவதற்கு ஆகும் நாட்கள் தனி. அந்த நாட்களில் உங்கள் ஓட்டப் பயிற்சி நின்றுபோகும்.

அரை அயர்ன்மேனில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கோவாவில் நீச்சல் கடலில். நீங்கள் எழுதியதில் நீச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடலில் நிதானமாக நீந்தும் பழக்கம் வருவதற்கே ஓர் ஆண்டு கொடுக்கலாம். அதை ஒதுக்கி வைப்பதில் நீங்கள் எதையும் இழக்கவில்லை, அது அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நடக்கும்.

"சைக்கிள் ஓட்டினால் ஓட்டத்துக்கும் உதவும்தானே?" என்று சிலர் கேட்பார்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் உதவும், உண்மைதான். ஆனால் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரையின் அதிர்வைத் தாங்குவது எலும்பும் தசைநாணும். சைக்கிள் அவற்றைப் பழக்குவதில்லை. அதுமட்டுமல்ல, மூச்சு பழகும் வேகத்தில் தசைநாண் பழகாது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குக் குதிகால் நாணிலும் முழங்காலிலும் வலி வருவது இதனால்தான்.

ஆகவே முழு மாரத்தான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த நான்கரை மணி நேரத்துக்கு வருகிறேன். 42.195 கிலோமீட்டரை நான்கரை மணி நேரத்தில் ஓட வேண்டுமானால், ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. நீங்கள் கோவையில் அரை மாரத்தான் ஓடிய வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 38 விநாடி. பாதித் தூரத்தில் நீங்கள் ஓடியதைவிட வேகமாக முழுத் தூரத்தையும் ஓடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஓடும் ஒருவருடைய நேரமாக இருக்கும், இல்லாவிட்டால் கேட்க நன்றாக இருக்கும் முழு எண்ணாக இருக்கும்.

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் ஒரு சூத்திரம் சொன்னார். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதோடு நிற்காது, ஏறத்தாழ 2.085 மடங்காகும். உங்கள் 140 நிமிடத்தை அதால் பெருக்கினால் 4 மணி 52 நிமிடம் கிடைக்கும். அதுவும் முழு மாரத்தானுக்கான நீண்ட ஓட்டங்களை ஒழுங்காகச் செய்தவருக்குத்தான். வாரத்துக்குக் குறைவான தூரம் ஓடுபவர்களுக்கு இதைவிடக் கூடவே ஆகும். தலைகீழாகப் பார்த்தால், நான்கரை மணி நேரம் வேண்டும் என்றால் அரை மாரத்தான் 2 மணி 10 நிமிடத்துக்குள் வர வேண்டும். ஓர் ஆண்டில் பத்து நிமிடம் குறைவது நடக்கக்கூடியதுதான். நடக்கும் என்று ஜனவரியிலேயே எழுதி வைக்க உங்களாலும் முடியாது, எந்தப் பயிற்சியாளராலும் முடியாது.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். முடிக்கும் நேரத்தை ஜனவரியில் தீர்மானிக்காதீர்கள். அதை நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். ஜனவரியில் நீங்கள் எழுத வேண்டியது, ஒரு சாதாரண வாரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை. பந்தய நாளின் நேரம் வெயிலைப் பொறுத்தது, முந்தைய இரவின் தூக்கத்தைப் பொறுத்தது, பத்து நாளைக்கு முன் வந்த காய்ச்சலைப் பொறுத்தது. வாரத்துக்கு நான்கு நாள் ஓடுவது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த வாரத்தையும் கற்பனையில் எழுதாதீர்கள். போன மாதத்தில் நடந்த நான்கு வாரங்களை எடுத்து, எந்த நாளில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பள்ளிக்கு எப்போது கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று குறித்துப் பாருங்கள். வாரத்தில் ஐந்து மணி நேரம்தான் மிஞ்சுகிறது என்றால் இலக்கு அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். பத்து மணி நேரம் கிடைக்கும் என்று நம்பி எழுதிய திட்டம்தான் ஜூனில் கலைகிறது. தூக்கத்தைக் குறைத்து நேரம் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஓடியதன் பலன் உடம்பில் சேர்வது தூங்கும்போதுதான்.

அடுத்து நாட்காட்டியை விரியுங்கள். ஆசிரியருக்கும் திருச்சிக்கும் ஏற்ற நாட்காட்டி. மார்ச்சில் பொதுத்தேர்வு வேலை இருக்கும், அந்த மாதம் மூன்று நாள் ஓடினாலே போதும் என்று இப்போதே எழுதிவிடுங்கள். மே மாதம் விடுமுறை, நேரம் நிறைய. ஆனால் கத்திரி வெயில். வெப்பத்துக்கு உடம்பு பழக இரண்டு வாரம் போல ஆகும். பழகிய பிறகும் அதே உழைப்புக்கு வேகம் குறையத்தான் செய்யும். கடிகாரத்தைப் பார்த்து மனம் தளராமல், விடியும் முன்பே ஓடி முடித்துவிட்டு, மீதி விடுமுறையில் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது கட்டாயம் வேண்டும், தசையும் எலும்பும் குறையத் தொடங்கும் வயது. ஜூனில் பள்ளி திறக்கும். உங்களுடைய இலக்குகள் ஒவ்வோர் ஆண்டும் அங்கேதான் நிற்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஜூனின் முதல் இரண்டு வாரங்களில் இலக்கைப் பாதியாக்கி வைத்துவிடுங்கள். அப்போது அது தோல்வியாகத் தெரியாது, திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும். ஜூலையில் ஆடிக்காற்று. சைக்கிள் ஆசையை முழுக்க விட வேண்டாம், செப்டம்பருக்கு முன் ஒரே ஒரு 200 கிலோமீட்டர் பயணம் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும்போது எதிர்காற்று இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி மாரத்தானுக்கான கனமான பயிற்சி செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வரும். அதற்குள் தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் வந்துவிடும். நீண்ட ஓட்டங்களை ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் குறிக்காமல் மாற்று நாள் ஒன்றையும் சேர்த்தே குறியுங்கள். விட்டுப்போன ஓட்டத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடி ஈடுகட்ட வேண்டாம். காய்ச்சல் வந்தால், அது போன பிறகும் சில நாள் பொறுத்துத் தொடங்குங்கள்.

இப்படிப் பந்தய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆண்டைப் பிரிப்பது புதிதல்ல. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து முறையை உருவாக்கியவர். முதலில் பல வாரங்கள் நிதானமான தூரம் மட்டும், பிறகு மேட்டு ஓட்டம், வேகம் எல்லாம் கடைசியில். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். மூவரும் ஆக்லாந்து ஓட்டக்காரர்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் 800 மீட்டர் பந்தயத்துக்காக ஸ்னெல், ஞாயிறுதோறும் 22 மைல் மலைச்சாலையில் ஓடினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். தினமும் மூச்சு வாங்க வாங்க ஓடுகிறோம். ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர் உயர்நிலை வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மிக எளிதான வேகத்தில் நடப்பதைக் கண்டார். உங்கள் நான்கு ஓட்டங்களில் மூன்று, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடியவையாக இருக்கட்டும். இருட்டில் கிளம்ப வேண்டியிருப்பதால் எப்படியும் துணை வேண்டும், அந்தத் துணையே வேகத்துக்கும் அளவுகோலாகிவிடும்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபினும், உடம்பில் சேமித்துள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் சோதித்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்த உடம்பை வைத்துக்கொண்டு "எனக்கு முயற்சி போதவில்லை" என்று தன்னையே திட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். மனம் கனத்துப்போகிறது. எத்தனை நல்ல இலக்கு எழுதினாலும் இந்தக் குறையை அது சரிசெய்யாது. மாத்திரையை மருத்துவர் சொல்லி எடுங்கள், நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதே பாதையில், அதே விடியற்காலை நேரத்தில், ஐந்து கிலோமீட்டரை எளிதான மூச்சில் ஓடுங்கள். நேரத்தையும் இதயத் துடிப்பையும் குறித்து வையுங்கள். அதே துடிப்பில் நேரம் குறைந்துகொண்டு வந்தால் பயிற்சி வேலை செய்கிறது. ஏப்ரல் எண்ணை ஆகஸ்ட் எண்ணோடு ஒப்பிடும்போது வெயிலை மறக்காதீர்கள். கைக்கடிகாரம் தினமும் கொடுக்கும் மதிப்பெண்களைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம்.

நவம்பர் கடைசியில் ஓர் அரை மாரத்தானை முழு முயற்சியோடு ஓடுங்கள். அந்த நேரத்தை 2.085-ஆல் பெருக்கி, முதல் முழு மாரத்தான் என்பதால் அதோடு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் நேரம். அப்போதும் ஒரே எண்ணை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் கூடி வந்தால் ஒரு நேரம், வழக்கமான நாளில் ஒரு நேரம், வயிறு கெட்டாலோ வெயில் ஏறினாலோ பாதுகாப்பாக முடிப்பது என்று மூன்றையும் முதல் நாளே எழுதுங்கள். முப்பதாவது கிலோமீட்டரில் நின்று யோசிக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. காலில் கூர்மையான வலி வந்தால் விலகிவிடுவது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது அந்த நான்கு வாரக் கணக்கும் இரத்தப் பரிசோதனையும்தான். ஆகஸ்டில் உங்கள் ஐந்து கிலோமீட்டர் எண்களோடு மறுபடியும் எனக்கு எழுதுங்கள். நான்கரை மணி நேரத்தைப் பற்றி அப்போது பேசலாம். அடுத்த கேள்வி சேலத்திலிருந்து, முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.