இரு குரல், ஒரு கிட்டார்: தாய்லாந்தின் நன்றிப் பாடல்

நேயர்களுக்கு வணக்கம். உடனிருந்து தாங்கிய ஒருவருக்கு ஆணும் பெண்ணுமாக மெல்லிய குரலில் நன்றி சொல்லும் தாய்லாந்து பாப் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணைக்கு ஒரு அக்கூஸ்டிக் கிட்டார். வேகம் நிமிடத்துக்கு 70, 80 தட்டு. கேட்க எளிமையாக இருக்கும். மெட்டுப் போடுகிறவருக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம்.

தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள். 'மா' என்பதைச் சமமாகச் சொன்னால் வருதல், உயர்த்திச் சொன்னால் குதிரை, கீழிருந்து ஏற்றிச் சொன்னால் நாய். அதனால் மெட்டு தன் விருப்பத்துக்கு ஏறி இறங்க முடியாது. நன்றி சொல்லும் 'கோப் குன்' என்பதில் முதல் அசை தாழ்வு, இரண்டாவது சமம். மெட்டும் அங்கே ஒரு படி மேலேறினால் சொல் இயல்பாக உட்காரும். இறங்கினால், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் காதில் இடறும். இன்னொன்று: 'கோப்' முடியும்போது உதடு மூடிக்கொள்கிறது, ஓசை அங்கேயே நின்றுவிடும். நீண்ட சுரத்தை 'குன்' மேல் வைத்து, 'ன்' ஒலியில் இழைத்து முடிப்பதுதான் அழகு.

அடுத்தது சுருதி. ஆண் ஜி மேஜர் சுருதியில், கீழ் டி சுரத்திலிருந்து மேல் இ சுரம் வரை பாடுகிறார் என்று வையுங்கள். அதே மெட்டு அதே இடத்தில் பெண்ணுக்கு மிகத் தாழ்வு. ஒரு ஸ்தாயி ஏற்றினால் உச்சியில் குரல் இறுகும், மென்மை போய்விடும். பெண் பாடும் சரணத்தை சி மேஜருக்கு மாற்றுங்கள். ஜி-செவன் கார்டு ஒன்று போதும், கை தானாக அங்கே போகும். பல்லவியில் அவர் மெட்டைப் பாட, ஆண் ஆறாம் இடைவெளியில் (மெட்டின் சுரத்தையும் சேர்த்து எண்ணினால் ஆறாவது சுரத்தில்) கீழே கூடவே போகட்டும். மெட்டு ஏறும்போது துணைக்குரல் இறங்கினால் இசையாக நன்றாக இருக்கலாம். ஆனால் ஒரே சொல் இரண்டு தொனியில் கேட்கும். அதனால் இந்த மொழியில் இணையாகப் போவதையே நான் விரும்புவேன்.

பேச்சில் ஆண் தன்னை 'போம்' என்பார். பாட்டில் இருவருமே 'சான்' என்று பாடலாம். ஆகவே ஒரே வரியை இருவரும் மாற்றி மாற்றிப் பாட, ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.

ஒலிப்பதிவில் கிட்டார் மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைத்தால் தாழ்ந்த ஒலி குமுறும். கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃபிரெட்) எதிரே, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். காப்போ, அதாவது சுருதி ஏற்றக் கிட்டார் கழுத்தில் மாட்டும் பிடி, மாட்டியதும் மறுபடி சுருதி பாருங்கள். அதன் அழுத்தத்தில் கம்பிகள் சற்று ஏறிவிடும். இந்த மொழியில் மூச்சோடு வெடிக்கும் க, ப, த ஒலிகள் நிறைய உண்டு. பாடகரின் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து, முன்னால் மூச்சின் வெடிப்பைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் வையுங்கள். எதிரொலியையும் குறைவாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். கூடினால் மூடி முடியும் அசைகளெல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, சொல் கரைந்துபோகும்.