தோட்டாவுக்குள் குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது?

[திரையில்: மேசை விளக்கின் கீழ் ஒரு .308 தோட்டா, பக்கத்தில் டிஜிட்டல் வெர்னியர்]

வணக்கம். மதுரைப் பக்கம் ரைபிள் சுடப் பழகுவோர் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் .22 ரைபிளிலும்தான் தொடங்குகிறார்கள். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து, கேஸ் எனப்படும் உலோகக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், சுட்ட கேஸை மறுபடி நிரப்பும் பேச்சு அங்கே எழுவதில்லை. பெரிய ரைபிளுக்கு மாறும்போதுதான் சீட்டிங் டெப்த் என்பது காதில் விழுகிறது. பித்தளைக் கேஸின் கழுத்துக்குள் குண்டு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதைத்தான் அது குறிக்கிறது.

[திரையில்: தோட்டா அமரும் அறையான சேம்பரின் குறுக்குவெட்டுப் படம்]

கேஸை விட்டுக் கிளம்பும் குண்டு, பேரலின் உட்சுவரில் சுழன்று ஓடும் மேடுகளான புரிமேடுகளைத் தொடுமுன் ஒரு சிறிய வெற்றிடத்தைக் கடக்கிறது. இந்த இடைவெளிக்கு ஜம்ப் என்று பெயர். குண்டை அதிகம் உள்ளே தள்ளினால் கேஸுக்குள் இடம் குறைந்து, அதே அளவு பவுடர் நெருக்கடியில் எரிவதால் அழுத்தம் கூடுகிறது. வெளியே நீட்டிப் புரிமேட்டோடு முட்டும்படி வைத்தாலோ, ஓடிவரத் தூரமில்லாத குண்டை முதலில் நகர்த்தவே கூடுதல் விசை தேவைப்படுவதால், அப்போதும் அழுத்தம் ஏறுகிறது. அனுபவசாலிகள் பலர் புரிமேட்டிலிருந்து 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், விலக்கித் தொடங்குவது இதனால்தான்.

மேசையில் உள்ள .308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவுக்கு, அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டா அளவுகளை வகுக்கும் சாமி (SAAMI) அமைப்பு வைத்த அதிகபட்ச மொத்த நீளம் 2.810 அங்குலம், அதாவது சுமார் 71.37 மி.மீ. அந்த வகை ரைபிள் எதிலும் தோட்டா தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்கான எல்லை அது. உங்கள் பேரலில் ஜம்ப் எவ்வளவு என்பதை அது சொல்லாது.

[திரையில்: குண்டின் முனை, பெரிதாக்கிய காட்சி]

முனையைப் பாருங்கள். போட்டிக் குண்டின் துளை வாய் பிசிறு பிசிறாக இருக்கிறது. நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகளில் தயாராகும் .315 ஸ்போர்ட்டிங் ரைபிளுக்கான மென்முனைக் குண்டிலோ, வெளியே தெரியும் ஈயம் லேசாக இடித்தாலே மழுங்கிவிடும். ஒரே பெட்டித் தோட்டாக்கள் வெர்னியரில் வெவ்வேறு நீளம் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புரிமேட்டை முதலில் தொடுவது முனை அல்ல, அதற்குக் கீழே குண்டு முழு விட்டத்தை நெருங்கும் ஓஜைவ் வளைவு. எனவே வெர்னியரில், குண்டின் வளைவில் பொருந்தும் துளையுள்ள கம்பாரேட்டர் என்ற துணைக்கருவியைப் பொருத்தி, கேஸின் அடியிலிருந்து அந்த வளைவு வரை அளப்பதே பொருளுள்ள அளவு. சுடச் சுடப் பேரலின் தொண்டை, அதாவது புரிமேடுகள் தொடங்கும் இடம், தேய்ந்து ஜம்ப் நீள்வதால், பழைய அளவை நிரந்தரமென்று நம்பக் கூடாது.

சட்டத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். ரைபிள் வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. ஆகவே வீட்டில் தோட்டா நிரப்ப முயலாதீர்கள். கடையில் வாங்கும் தோட்டாவுக்கே இந்த அறிவு உதவும்: புது லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறியதும் இலக்கில் குண்டு பட்ட துளைகளின் கூட்டம் விரிந்தால், உங்கள் கையைக் குறை சொல்லுமுன், இரண்டு லாட்டிலும் சில தோட்டாக்களை ஓஜைவ் வரை அளந்து, லாட் எண்ணோடு நோட்டில் குறித்து ஒப்பிடுங்கள்.