பூவேலையை மட்டும் எடுத்துட்டு வராதீங்க

எல்லாருக்கும் வணக்கம். மைக் பின்னாடி வரைக்கும் கேக்குதா? சரி.

எம்பக்கன்னு ஒரு ஊர், அங்க இருக்க தேவாலயத்துக்கு, அதாவது சாமி கோயிலுக்கு, எத்தனை பேர் போயிருக்கீங்க? கண்டிக்குப் பக்கத்துலதான், கம்பளை ராஜாக்கள் காலத்துல, 14ஆம் நூற்றாண்டுல கதிர்காமத்து சாமிக்குக் கட்டுனது, அதாவது நம்ம முருகனுக்கு. போறவங்கெல்லாம் தூண்ல இருக்க அன்னத்தையும் மல்லனையும் போட்டோ புடிச்சிட்டு வந்துர்றாங்க, அண்ணாந்து பாக்கிறதில்ல. மேல கூரையில 26 கைமரத்தையும் ஒரே ஒரு பெரிய மர ஆணி சேத்துப் புடிச்சிருக்கு, மடொல் குருபாவன்னு சிங்களத்துல சொல்லுவாங்க. மரத்தை மரத்தால பூட்டுனா ஒரு நாள் கழட்டவும் முடியும், பசை போட்டு ஒட்டுன பலகை கெட்டா குப்பைதான். இந்த மூளையை விட்டுட்டு அன்னத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி பாலியஸ்டர் குஷன்ல அடிச்சு, பாரம்பரியம், சூழலுக்கு நல்லதுன்னு லேபிள் ஒட்டுறோம் பாருங்க, எனக்கு அதுதான் கோவம்.

இதை சரியா புரிஞ்சுக்கிட்ட ஆள் கண்டியிலயே இருந்தாங்க. மினெட் டி சில்வா, வீடு கட்டடம் வரையிற ஆர்க்கிடெக்ட், 1918ல பொறந்தவங்க, 1948ல லண்டன் ஆர்.ஐ.பி.ஏ.ன்ற பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் சங்கத்துல சேந்த முதல் ஆசியப் பொண்ணு. அவங்க கண்டி மலைச்சரிவுல கட்டுன கருணாரத்ன வீட்டுல தும்பறைப் பாய், அதாவது கண்டிப் பக்கத்து பாரம்பரியப் பாய், நெய்யிறவங்களோட வேலை கதவுலயே வந்துச்சு, அரக்கு வேலை படிக்கட்டுல வந்துச்சு, வீடு முடிஞ்சப்புறம் அலங்காரத்துக்குத் தொங்கவிட்டதில்ல, வீட்டோட உறுப்பு. கலைஞருக்கு அதுல வேலையும் கூலியும் இருக்கு, அதையும் யோசிச்சுப் பாருங்க. பிறகு வட்டபுளுவ வீட்டுத் திட்டத்துல குடிவரப்போற ஆளுங்ககிட்ட, பல இனம், பல வருமானம், எப்படிப்பட்ட வீடு வேணும்னு மொதல்லயே கேட்டுத்தான் வரைஞ்சாங்க. நம்ம தேயிலைத் தோட்டத்துல சின்னக் காணியில வீடு வருதே, வெறகு எங்க அடுக்குவீங்க, கொழுந்து பறிக்கையில இடுப்புல கட்டுற படங்கு நனைஞ்சா எங்க காயப்போடுவீங்கன்னு உங்க வீட்டுல யாரும் கேட்டாங்களா? நீங்களே சொல்லுங்க.

இப்ப இந்தக் கூடையைப் பாருங்க, நம்ம தேயிலைக் கொழுந்து பறிச்சுப் போடுற கூடை. மூங்கில், பிரம்பு, தலையில மாட்ட ஒரு கயிறு, அவ்வளவுதான். இடைவெளி விட்டுப் பின்னிருக்கிறது அழகுக்கில்ல, காத்து போகணும், கொழுந்தை அமுக்கி மூடி வச்சா சூடேறி செவந்துபோகும், ஸ்டோருக்கு, அதான் தேயிலை ஃபெக்டரிக்கு, போறதுக்குள்ளயே தேயிலை கெட்டுரும். இப்ப நெறைய மலையில நைலோன் சாக்கும் உரபேக்கும்தான். லேசா இருக்கு, மலிவு, அக்காமாருக்கு முதுகு வலி கொறையுதுன்னா நான் அதைக் குத்தம் சொல்லமாட்டேன், கூடையோட பாரத்தை சொமந்தது நானில்லையே. ஆனா காத்துப் போற சாக்கு, தோள்ல மாட்டுற மாதிரி, கிழிஞ்சா தைக்கிற மாதிரி ஒண்ணு இங்க உக்காந்திருக்க டிசைன் புள்ளைங்க செஞ்சா என்ன? கழுத்தும் நெத்தியும் எங்க வலிக்குதுன்னு மொதல்ல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல போய்க் கேளுங்க, லெப்டாப்பை அப்புறம் தொறக்கலாம்.

இந்தக் கூடையை வரிசையா கைமாத்தி விடுறேன், கவுத்துப் போட்டு அடிப்பக்கம் எப்படி ஆரம்பிச்சிருக்காங்கன்னு பாருங்க. பின்னுன ஐயா முன் வரிசையிலதான் இருக்காரு, கேள்வியை அவர்கிட்டயே கேளுங்க.