கோர்தோபாவின் கோடைக் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பெயினுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் உடனே "ஏப்ரல், மேயில் போங்கள்" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஐரோப்பாவில் மகனோ மகளோ இருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு லீவு விடுகிற ஜூலை, ஆகஸ்டில்தானே நமக்கு வாய்க்கிறது! எனக்கும் அப்படித்தான் வாய்த்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. வீடு கட்டுகிற கலையைச் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவன் நான். கோர்தோபாவைக் கோடையில் பார்க்கத்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

தெற்கு ஸ்பெயினில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் இருக்கிறது கோர்தோபா. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாகவே 37 டிகிரி பக்கம் இருக்கும். நாற்பதைத் தாண்டினாலும் அங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்று அந்த மாகாணத்திலுள்ள லா ராம்ப்லா என்ற சிற்றூரில் 47.6 டிகிரி பதிவானது. அந்த நாட்டின் உச்சம் அது. ஆனால் சென்னைப் புழுக்கம் அங்கே கிடையாது, உலர்ந்த வெயில். வியர்ப்பதே தெரியாது, அதனால் தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. அங்கேதான் ஆபத்து. இன்னொன்று, விடியற்காலையில் இருபது டிகிரிக்கு இறங்கிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர் வீடுகள் நம்பியிருப்பதே அந்தக் குளிர்ச்சியைத்தான்.

முதலில் கடிகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் என்ன செய்வோம்? உச்சி வெயிலுக்கு ரூமில் படுத்துவிட்டு, நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டதென்று கிளம்புவோம். அங்கே கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போதே மணி இரண்டே காலைத் தாண்டியிருக்கும். வரைபடத்தில் ஸ்பெயின் ஏறக்குறைய இங்கிலாந்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஆனால் 1940-இல் அந்நாட்டுச் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்துவிட்டது. அதைத் திருப்பி வைக்கவே இல்லை. கோடை வந்தால் இன்னும் ஒரு மணி கூட்டுகிறார்கள். ஆகவே அங்கே நாலு மணி என்பது நம் உடம்புக்கு ஒன்றே முக்கால் மாதிரி. அனல் உச்சத்தில் இருப்பது ஐந்து, ஆறு மணிக்கு. திரும்பவும் சொல்கிறேன்: மாலை ஐந்து மணிக்கு வெளியே போகாதீர்கள். மதியம் கடைகளை மூடிவிட்டு இரவு பத்து மணிக்குச் சாப்பிடுகிற ஜனங்களைச் சோம்பேறிகள் என்பவர்கள் சூரியனை அண்ணாந்து பார்த்ததில்லை.

சரி, வீட்டுக்குள் வருவோம். நாங்கள் தங்கியது பழைய ஊரில், நடுவே முற்றம் வைத்த ஒரு வீட்டில். தடித்த சுவர், வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு. வீட்டுக்கார அம்மாள் எழுபதைத் தாண்டியவர். காலை ஒன்பது மணி ஆனால் போதும், அறை அறையாகப் போய்ச் சன்னல்களைச் சாத்துவார். தெருப்பக்கத்து மாடக் கம்பிக்கு வெளியே கோரைத் தட்டியை உருட்டி இறக்குவார். என் மனைவி, காற்று வேண்டாமா என்று கையால் விசிறிக் காட்டினாள். அந்த அம்மாள் வானத்தைக் காட்டினார், ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார், மிச்சமிருந்த ஒரு கதவையும் சாத்திவிட்டுப் போனார். இரவு பத்தரைக்கு அவரே வந்து எல்லாவற்றையும் திறந்துவிட்டார். இரவுக் குளிர்காற்று கனமானது, முற்றத்தில் இறங்கித் தங்கும். பகலில் அதை வெளியே விடாமல் காப்பதுதான் அந்தச் சாத்துதல். சாயங்காலம் சுவர் முழுக்கத் தொங்கும் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவார். நீளக் கழியின் நுனியில் ஒரு தகர டப்பா, அதைத் தூக்கிச் சாய்த்தால் உயரத்துத் தொட்டிக்கும் எட்டும். சொட்டுகிற தண்ணீர் கல்தரையில் விழுந்து அதையும் குளிர வைக்கும்.

மே மாதத்தில் இந்த முற்றங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பூவுக்கு மே மாதம்தான். ஆனால் முற்றம் வேலை செய்வதைப் பார்க்க ஆகஸ்டில்தான் போகவேண்டும்.

அந்த முற்றத்து நிழலில் ஒரு மண்கூஜா இருந்தது. பொத்திஹோ என்கிறார்கள். மேலே கைப்பிடி, பக்கத்தில் சின்ன மூக்கு. மெருகு பூசாத மண், உள்ளிருக்கும் தண்ணீர் கசிந்து ஆவியாகி மிச்சத்தைக் குளிரவைக்கிறது. நம் பானைதான், அதைவிட நன்றாகக் குளிர்கிறது, காற்றில் ஈரம் இல்லையே! வாய் வைக்கக் கூடாது, தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடிக்கவேண்டும். பக்கத்து அறை வெள்ளைக்காரர் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். என் மனைவி ஒரு சொட்டு சிந்தாமல் குடித்ததைப் பார்த்து அந்த அம்மாள் கைதட்டினார். அதற்குப் பிறகு எங்களுக்குத் தினமும் தனி கவனிப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிலைய நண்பர் கையைக் காட்டுகிறார். மெஸ்கீத்தாவைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய மசூதி, எண்ணூற்றைம்பதுக்கு மேல் தூண்கள், சிவப்பும் வெள்ளையுமாய் இரட்டை அடுக்கு வளைவுகள். நட்டநடுவே பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய தேவாலயம். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் முதல் ஒரு மணி நேரம் கட்டணம் வாங்காத வழக்கம் உண்டு, போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாப்பாடு: தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த சல்மொரேஹோ, சில்லென்று கிண்ணத்தில் வரும். சைவக்காரர்கள் மேலே தூவுகிற முட்டையும் பன்றி இறைச்சியும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரம் முடிந்தது. வணக்கம்.