அண்ணனைப் பற்றிக் கொஞ்சம்

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அண்ணன் கடைசி நாட்களில் பட்ட பாட்டைச் சொன்னார்கள். பட்டார்தான். ஆனால் படுத்த படுக்கையாகவே அவரை நினைத்துக்கொண்டு இங்கிருந்து போக எனக்கு மனசில்லை. நோயோடு இருந்த காலத்திலும் அந்த வீட்டில் அவர் அப்பாவாகத்தான் இருந்தார்.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ். போக, வர, அப்புறம் அடித்துப் போடுகிற அசதி என்று பாதி வாரம் கரைந்துவிடும். மிச்சம் இருந்ததை வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருந்தார்.

இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ஒரு தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைப்பது அது. அதன்மேல் விரல் வைத்தால் கிறுகிறுவென்று ஓர் அதிர்வு தெரியும். காதை வைத்தால் சத்தமே கேட்கும். சின்ன மகள் காது வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா கைக்குள்ள வண்டு இருக்கு” என்றாள். “தூங்குதா, முழிச்சிருக்கான்னு தினமும் நீதான் பார்த்துச் சொல்லணும்” என்று அவளிடமே வேலையை ஒப்படைத்தார். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போவாள். அந்த அதிர்வு நின்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். தினமும் செய்ய வேண்டிய சோதனை அது. பிள்ளைக்குப் பயம் தெரியாமல் பழக்கிவிட்டார்.

தன்னைக் கட்டிப்போட்ட அந்த டயாலிசிஸ் இயந்திரத்தின் கதையையும் தேடிப் படித்தார். 1943இல், போர் நடுவே, நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றி அதை உருவாக்கினார். ஆரம்பத்தில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோனார்கள். 1945இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். முதல் நாள் அழுதுகொண்டு வருகிற புது நோயாளிகளுக்கு அண்ணன் இந்தக் கதையைச் சொல்வார். கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான் சொல்வார்.

அதற்காக அவரைத் தெய்வமாக்க வேண்டாம். டயாலிசிஸ் முடிந்த சாயங்காலங்களில் எரிந்து விழுவார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அண்ணி அளந்து வைத்தால், திருட்டுத்தனமாக ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வார். மாட்டிக்கொண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அண்ணிக்குக் கோபம் இன்னும் கூடும்.

பெரியவனுக்கு ஒன்று சொல்லணும். “முன்னாடியே கவனிச்சிருந்தா” என்று நீ திரும்பத் திரும்பக் கேட்கிறாய் என்று அம்மா சொன்னார். தம்பி, சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதான பிறகும் வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் இருக்கும். உன் அப்பாவுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் இருந்திருந்தால், உன்னை இப்படிக் கேட்க விட்டிருக்கவே மாட்டார்.

நான் அதிகம் பேசிவிட்டேன். டயாலிசிஸில் அண்ணனுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லாத பலதை அவரிடம் அண்ணன் சொல்லியிருக்கிறார் என்று தெரியும். ஐயா, நீங்கள் உட்கார்ந்தே பேசலாம், மைக்கை அங்கே கொண்டுவரச் சொல்கிறேன்.